குளிர்காலத்துக்குத் தெற்கே: புளோரிடாவா, டெக்சாஸா, அரிசோனாவா?

1980களில் கனடாவுக்கு வந்த நம்மவர்கள் இப்போது ஒவ்வொருவராக ஓய்வுபெறுகிறார்கள். இரண்டு வேலை, வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு, அவர்களின் கலியாணம் எல்லாம் முடிந்துவிட்டன. ஜனவரி மாதத்தில் விடியக்காலை எழுந்து வாசல் பனியை வழிக்கவேண்டிய கட்டாயம் இனி இல்லை. ரொறன்ரோப் பக்கத்துச் சமூக நிலையங்களில் காலைவேளைகளில் பட்மின்ரனும், சிறு களத்தில் மட்டையால் பிளாஸ்டிக் பந்தை அடிக்கும் பிக்கிள்போலும் விளையாடும் தம்பதிகளிடையே இலையுதிர்காலம் வந்தால் ஒரு கதை தவறாமல் எழும். படுக்கையும் சமையலறையும் உள்ளேயே கொண்ட ஒரு மோட்டார்ஹோமை எடுத்துக்கொண்டு தெற்கே அமெரிக்காவுக்கு இறங்கினால் என்ன? அங்கே எங்கள் வயதுக்காரருக்கென்றே சுற்றுப்போட்டிகள் நடக்கின்றனவாமே?

நடக்கின்றன. நன்றாகவே நடக்கின்றன. ஆனால் இந்தக் கதை பெரும்பாலும் வாகனத்தில்தான் தொடங்குகிறது: எத்தனை அடி நீளம், என்ன விலை, எந்த நிறுவனம் என்று. என் எண்ணத்தில் அது தலைகீழ். மூன்று மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் ஒரு தம்பதி முதலில் தீர்மானிக்கவேண்டியது, தினமும் காலையில் உங்கள் இருவரின் தரத்துக்கும் ஒத்த ஆட்கள் மைதானத்துக்கு வரும் ஊர் எது என்பதை. பதக்கம் தரும் போட்டிகள் ஒரு பருவத்தில் இரண்டோ மூன்றோதான் வரும். மற்ற நாட்களெல்லாம் சாதாரணக் காலை ஆட்டம். அந்தக் காலைகள் நன்றாக அமைந்தால் குளிர்காலமே நன்றாக அமையும். ஊர் முடிவானால் வாகனம் வேண்டுமா வேண்டாமா என்பதும் பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும்.

எங்கே போனாலும் மாறாத கணக்கு

ஊரைப் பற்றிக் கதைக்கும் முன் நாட்கணக்கைப் பார்த்துவிடவேண்டும். கனடியக் குடியுரிமை உள்ளவர் சுற்றுலாப் பயணியாக அமெரிக்காவில் பொதுவாக ஆறு மாதம்வரை தங்கலாம். ஆனால் அமெரிக்க வருமான வரித் திணைக்களம் வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. இந்த ஆண்டு தங்கிய நாட்கள் முழுதாக, போன ஆண்டின் நாட்களில் மூன்றிலொன்று, அதற்கு முந்திய ஆண்டின் நாட்களில் ஆறிலொன்று. மூன்றையும் கூட்டி 183 வந்தால் உங்களை வரி விடயத்தில் அங்கே வசிப்பவராகக் கருதத் தொடங்குவார்கள். ஆண்டுதோறும் 121 நாளுக்குள் நிறுத்திக்கொண்டால் இந்தக் கோட்டைத் தொடமாட்டீர்கள். அதைத் தாண்டினால், உங்கள் வீடும் வாழ்வும் கனடாவில்தான் என்று காட்டும் 8840 என்ற படிவத்தை அடுத்த ஜூன் 15க்குள் அனுப்பவேண்டும். எல்லையில் நுழைந்த நாளும் ஒரு நாள், வெளியேறிய நாளும் ஒரு நாள். அதனால் ஜனவரி முதல் மார்ச் முடிய மூன்று மாதம் இருப்பது வசதியான அளவு. ஒக்டோபரில் ஒரு போட்டிக்குப் போய்வரவும் அதில் இடம் மிஞ்சும்.

ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்பின் அட்டை செல்லுபடியாக இருக்க, எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாளாவது மாகாணத்துக்குள் இருக்கவேண்டும். குளிர்காலப் பயணிகளில் பெரும்பாலானோருக்கு இது சிக்கலே அல்ல. ஓஹிப் வெளிநாட்டில் எவ்வளவு தரும் என்பதுதான் சிக்கல். ஆஸ்பத்திரியில் அவசரமாக அனுமதிக்கப்பட்டால், உயர்நிலைச் சிகிச்சைக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலர். அமெரிக்க ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. ஆகவே பயண மருத்துவக் காப்புறுதி கட்டாயம் வேண்டும்.

அந்தக் காப்புறுதியில் கவனமாகப் படிக்கவேண்டியது, ஏற்கெனவே உள்ள நோய்களைப் பற்றிய விதி. நம்மவர்களில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு குறைவு. பல காப்புறுதிகள், புறப்படுவதற்கு முந்திய 90 நாளோ 180 நாளோ உங்கள் நோய் 'நிலையாக' இருந்திருக்கவேண்டும் என்று கேட்கும். அந்த இடைவெளியில் மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினாலோ குறைத்தாலோ நிலைமை மாறியதாக எடுத்துக்கொள்வார்கள். குறைத்தது நல்ல செய்திதானே என்று நாம் நினைப்போம். காப்புறுதிக்காரர் அப்படி நினைப்பதில்லை. எனவே மருந்து மாற்றம் ஏதும் தேவையென்றால் அதைக் கோடைத் தொடக்கத்திலேயே செய்துகொள்ளச் சொல்லி குடும்ப மருத்துவரிடம் கதையுங்கள். சுற்றுப்போட்டியில் ஆடப்போவதாயின், போட்டி விளையாட்டில் ஏற்படும் காயத்துக்கு விலக்கு உண்டா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. மோட்டார்ஹோம்களை நிறுத்தித் தங்கும் பல அமெரிக்க வாகன முகாம்களில் சில மணிநேரம் வேலை செய்தால் தள வாடகை இல்லை என்று ஓர் ஏற்பாடு உண்டு. கேட்க நன்றாக இருக்கும். சுற்றுலாப் பயணியாகப் போகும் கனடியருக்கு அது சட்டப்படி வேலைதான். பணம் கைமாறாவிட்டாலும் வேலைதான். அந்தப் பக்கம் போகவேண்டாம்.

சக்கரத்தில் வீடா, அங்கே போய் வாடகை வீடா

மோட்டார்ஹோம்களில் கிளாஸ் ஏ என்பது பேருந்து போன்றது. கிளாஸ் பி வான் அளவு. கிளாஸ் சி இரண்டுக்கும் நடுவே, சாரதி இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தம்பதிக்கு 24 முதல் 27 அடி வரையான கிளாஸ் சி போதும் என்பது என் கருத்து. 11,000 கிலோவுக்கு உட்பட்ட மோட்டார்ஹோமை ஒன்ராறியோவின் சாதாரண ஜி சாரதி அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டலாம். ஆனால் சட்டம் விடுவதும் மலைச்சரிவில் பக்கக்காற்று அடிக்கும்போது கை நடுங்காமல் ஓட்டுவதும் ஒன்றல்ல. 68 வயதில் முதல்முறையாக ஏறுபவர், கோடையில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஒன்ராறியோவின் மாகாணப் பூங்கா ஒன்றுக்குப் போய்வரட்டும். பின்பக்கம் எடுத்து நிறுத்தும்போது மற்றவர் கீழே இறங்கி நின்று கைகாட்டவேண்டும். அந்த ஒத்திகை தம்பதிக்கும் நல்லது.

எரிபொருளைக் கணக்கிட்டுப் பாருங்கள். கிளாஸ் சி வண்டிக்கு 100 கிலோமீற்றருக்கு 23, 24 லீற்றர் பெற்றோல் என்று வைக்கலாம். ரொறன்ரோவிலிருந்து மத்திய புளோரிடாவுக்குச் சுமார் 2,100 கிலோமீற்றர். போய்வர ஏறத்தாழ 1,000 லீற்றர். டெக்சாஸின் தென்முனைக்கு 3,000 கிலோமீற்றர் அளவில். போய்வர 1,400 லீற்றர். அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்கு 3,600, போய்வர 1,700 லீற்றர். இதோடு வழியில் இரவு தங்கும் தளக் கட்டணமும் சேரும். அரிசோனாவுக்கு மோட்டார்ஹோமில் போகும் எரிபொருள் செலவில், விமானச் சீட்டு இரண்டு வாங்கிப் பெரும்பாலும் மிச்சம் பிடிக்கலாம்.

ஜனவரியில் புறப்படும்போது வண்டியின் தண்ணீர்க் குழாய்களில் தண்ணீர் இருக்கக்கூடாது. உறைந்து வெடித்துவிடும். இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தைக் குழாய்களில் ஓடவிட்டு, கென்டக்கி, டென்னசி தாண்டும்வரை குடிக்கவும் கழுவவும் கலன் தண்ணீரைத்தான் பாவிக்கவேண்டும். முதல் இரண்டு இரவும் விடுதியில் தங்குவதே உடம்புக்கு நல்லது என்று பழகியவர்கள் சொல்வார்கள். நானும் அதையே சொல்வேன்.

ஊர் சேர்ந்தபின்? தண்ணீர், மின்சாரம், கழிவுக்குழாய் மூன்றும் இணைத்த தளத்தில் நிறுத்திவிட்டால் வீடு மாதிரித்தான். ஆனால் பால் வாங்கப் போகவேண்டுமென்றால் மூன்றையும் கழற்றவேண்டும். அதனால் பலர் பின்னால் ஒரு சிறிய காரை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கழிவுத்தொட்டியை வெறுமையாக்கும் வேலை கடினமல்ல, ஆனால் குனிந்து நிமிர்ந்து செய்யவேண்டியது. முழங்கால் நோவு உள்ளவர் யோசிக்கவேண்டும். சமையலும் ஒரு விடயம். உள்ளே மீன் பொரித்தால் தலையணை உறைவரை மணக்கும். வெளியே ஒரு காஸ் அடுப்பு வைத்துக்கொள்பவர்களுக்குத்தான் நிம்மதி.

மாற்று வழி, 'பார்க் மொடல்' என்ற சிறு வீட்டை வாடகைக்கு எடுப்பது. 400 சதுர அடிக்கு மேற்படாத, ஓர் அறையும் சமையலறையும் குளியலறையும் உள்ள வீடு. 55 வயதைத் தாண்டியவர்களுக்கான பெரிய வாகன முகாம்களில் மோட்டார்ஹோம் தளங்களோடு இவையும் வரிசை வரிசையாக நிற்கும். சிலர் தங்கள் வீட்டை மாத வாடகைக்கு விடுவார்கள். மைதானம், நீச்சல் குளம், மண்டபம் எல்லாம் வாடகைக்காரருக்கும் உரியவை. பல முகாம்கள் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட மோட்டார்ஹோமை உள்ளே விடுவதில்லை. பழைய வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போக நினைப்பவர் இதை முதலில் கேட்டறியவேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். ஒரே ஊரில் மூன்று மாதமும் இருக்கப்போகிறீர்கள் என்றால் மோட்டார்ஹோம் வேண்டாம், பார்க் மொடல் எடுங்கள். இரண்டு மூன்று ஊர்களில் போட்டி, நடுவே பாலைவனத்தில் இரண்டு வாரம், திரும்பும் வழியில் ஒரு கோயில், ஒரு நண்பர் வீடு என்று நகர்ந்துகொண்டே இருப்பதுதான் ஆசை என்றால், அதற்கு மோட்டார்ஹோமைப் போல வேறொன்றில்லை.

புளோரிடா

கிட்ட இருப்பதுதான் புளோரிடாவின் முதல் பலம். 75ஆம் நெடுஞ்சாலை டெட்ரோயிட்டிலிருந்து ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி, ஜோர்ஜியா வழியாக நேரே இறக்கிவிடும். பேரப்பிள்ளைகள் மார்ச் விடுமுறைக்கு வந்துபோகலாம். இது சின்ன விடயமல்ல. நம் வீடுகளில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது அப்பம்மாவும் அம்மம்மாவும்தான். மூன்று மாதம் இல்லையென்றால் மகளோ மருமகளோ வேலை நேரத்தை மாற்றவேண்டியிருக்கும். பிள்ளைகள் ஒரு வாரம் வந்து நிற்கலாம் என்பது அந்தப் பிரிவைத் தாங்கக்கூடியதாக்கும். ஆனால் 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான முகாம்களில் சிறுவர் எத்தனை நாள் தங்கலாம் என்று வரையறை இருக்கும். முற்பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

தெற்கே நேப்பிள்ஸில் ஜனவரிப் பகல் 24 பாகைவரை வரும். மத்திய புளோரிடாவில் அதைவிடச் சற்றுக் குறைவு, இடையிடையே வடக்கிலிருந்து குளிர்காற்று வந்து இரண்டு மூன்று நாள் நிற்கும்.

முதியவர் விளையாட்டுக்குப் புளோரிடாவில் நீண்ட வரலாறு இருக்கிறது. செயின்ட் பீற்றர்ஸ்பேர்க் நகரத்தில், கோலால் வட்டைத் தள்ளும் ஆட்டமான ஷஃபிள்போர்ட்டுக்கான கழகம் 1924இல் தொடங்கியது. அதே நகரத்தில் 1930இல் தொடங்கிய, பேஸ்போல் போன்ற சொஃப்ட்போல் ஆட்டத்துக்கான ஒரு கழகம், 75 வயதை எட்டியவர்களுக்காகவே உருவானது. 'கிட்ஸ் அன்ட் கப்ஸ்' என்று பெயர். அறுபத்தெட்டு வயதுக்காரர் அங்கே போய் நின்றால் சின்னப்பிள்ளை. வயது வந்தவர் விளையாடுவதை ஒரு விசித்திரமாகப் பார்க்காத ஊர் எப்படி இருக்கும் என்பதை அறிய அந்த மைதானத்தின் ஓரத்தில் ஒரு காலை நின்றால் போதும்.

ஆனால் பிக்கிள்போல் ஆடும் குளிர்காலத் தம்பதிக்குப் புளோரிடாவில் ஒரு நாட்காட்டிச் சிக்கல் உண்டு. மாநிலத்தின் மூத்தோர் விளையாட்டு விழா டிசம்பரில் நடக்கிறது. நேப்பிள்ஸில் 2016இல் தொடங்கிய யூ.எஸ். ஓப்பன் பிக்கிள்போல் போட்டி, சாதாரண ஆட்டக்காரரும் வயதுப் பிரிவுகளில் சேரக்கூடியது, ஏப்ரலில் நடக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை தங்கும் தம்பதிக்கு இரண்டும் எட்டாது. டிசம்பரிலேயே போய் ஏப்ரல் முடிய நின்றால் 121 நாள் எல்லை உடைந்துவிடும். சின்னச் சின்ன உள்ளூர்ப் போட்டிகள் இடையில் நிறைய உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் பெரிய இரண்டும் பருவத்தின் இரு முனைகளில் விழுவது புளோரிடாவுக்கு எதிரான புள்ளி.

இடம் கிடைப்பதும் கடினம். அரச பூங்காக்களில் புளோரிடாவாசிகள் 11 மாதம் முன்பே பதியலாம். வெளியார் 10 மாதம் முன்பு. நமக்கு மீதி வருவது அவர்கள் எடுத்தது போக உள்ளவைதான், அதிலும் ஒரே பூங்காவில் தொடர்ந்து 14 இரவுக்கு மேல் தங்க விடுவதில்லை. தனியார் முகாம்கள், கடற்கரையை நெருங்க நெருங்க விலை ஏறும். 2022 செப்டெம்பரில் இயன் சூறாவளி ஃபோர்ட் மயர்ஸ் பக்கத்தில் கரையேறியபோது கரையோர முகாம்கள் பெரும் சேதமடைந்தன. சூறாவளிக் காலம் நவம்பர் முடிய ஓய்ந்துவிடும் என்பதால் குளிர்காலத்தில் உங்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் கோடையில் வண்டியை அங்கேயே விட்டுவர நினைப்பவர் கடலிலிருந்து தள்ளி, உள்நாட்டில் விடவேண்டும்.

டெக்சாஸின் தென்முனை

மக்அலன், மிஷன், ஹார்லின்ஜன் என்று மெக்சிக்கோ எல்லையை ஒட்டி வரிசையாக இருக்கும் ஊர்களை ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு என்பார்கள். குளிர்காலத்தில் வந்து தங்குபவர்களுக்கு 'வின்டர் டெக்சன்' என்று அங்கே ஒரு பெயரே உண்டு. மூன்று இடங்களிலும் குறைந்த செலவு இங்கேதான். தள வாடகை, உணவு, திருத்தவேலை எதை எடுத்தாலும். தோடம்பழ இனத்தைச் சேர்ந்த, உள்ளே சிவந்த 'கிரேப்ஃபுரூட்' பழத் தோட்டங்கள் நிறைந்த மண். மிஷன் நகரம் ஒவ்வொரு ஜனவரியிலும் அதற்கொரு விழா எடுக்கிறது.

இங்கே முகாம் என்பது ஒரு சிறு கிராமம் மாதிரி. மண்டபத்தில் நடனம், சீட்டாட்டம், தச்சுப் பட்டறை, தையல் வகுப்பு, கூட்டுச் சாப்பாடு. ஷஃபிள்போர்ட்டில் ஒரு முகாமின் அணி இன்னொரு முகாமின் அணியோடு மோதும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. 52 அடி நீளக் களத்தில் நீண்ட கோலால் வட்டைத் தள்ளும் ஆட்டம். ஓடத் தேவையில்லை, கண்ணும் கையும் கணக்கும் போதும். இருவரில் ஒருவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்திருந்தால், அவரும் ஓர் அணியில் ஆடிப் போட்டிக்குப் போகக்கூடிய இடம் இது. எனக்கு இந்தப் பள்ளத்தாக்கின்மேல் இருக்கும் பெரிய மரியாதை இதனால்தான். தம்பதியில் ஒருவர் ஆட, மற்றவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் நிலை இங்கே குறைவு.

பறவை பார்ப்பவர்களுக்கோ சொல்லவே தேவையில்லை. சாண்டா அனா சரணாலயத்திலும் பென்ட்சன் பூங்காவிலும் பச்சை ஜே போன்ற, அமெரிக்காவில் வேறெங்கும் காண அரிதான பறவைகள் காலையில் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும்.

பிக்கிள்போல் ஆடுபவருக்குக் காற்றுத்தான் எதிரி. பெப்ரவரி, மார்ச்சில் பள்ளத்தாக்கில் காற்று வலுத்து வீசும். ஓட்டை ஓட்டையான அந்த பிளாஸ்டிக் பந்து காற்றில் எங்கே போகுமென்று சொல்லமுடியாது. காலை எட்டு மணிக்கு ஆடி முடித்துவிடவேண்டும். போட்டிகளின் எண்ணிக்கையிலும் தரத்திலும் அரிசோனாவுக்கு ஈடில்லை என்பது என் மதிப்பீடு. 2021 பெப்ரவரியில் டெக்சாஸ் முழுவதையும் உறையவைத்து மின்சாரத்தை நிறுத்திய குளிர் இந்தத் தென்முனையையும் விடவில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். அப்படி ஒன்று எப்போதாவதுதான் வரும்.

மோட்டார்ஹோமில் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் காரணம்: வழியில் ஹியூஸ்டனை அடுத்த பெயர்லன்டில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. மதுரையை மனதில் வைத்துக் கட்டிய கோயில். தைப்பொங்கலை அங்கே முடித்துக்கொண்டு தெற்கே இறங்கும்படி பயணத்தை அமைத்தால் நன்றாக இருக்கும்.

அரிசோனா

பிக்கிள்போலுக்கும் வாகன முகாமுக்கும் உள்ள உறவு அரிசோனாவில்தான் வேரூன்றியது. 1965இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெய்ன்பிரிட்ஜ் தீவில் ஒரு வீட்டு முற்றத்துப் பழைய பட்மின்ரன் களத்தில் பிறந்த ஆட்டம் இது. இன்றைக்கும் களத்தின் அளவு இரட்டையர் பட்மின்ரன் களத்தின் அளவேதான்: 20 அடிக்கு 44 அடி. வலை நடுவில் 34 அங்குலம். பட்மின்ரன் ஆடி வளர்ந்த நம்மவர்களுக்கு இந்த ஆட்டம் விரைவில் கைவருவதற்கு இதுவும் ஒரு காரணம். கால் எங்கே நிற்கவேண்டும் என்பது உடம்புக்குத் தெரியும். மாற்றிக்கொள்ளவேண்டியது மணிக்கட்டை, வலையோரத்து ஏழு அடிக்குள் நின்று பந்தை நிலத்தில் படமுன் அடிக்கக்கூடாது என்பதையும் பழகவேண்டும்.

2001இல் அரிசோனா மூத்தோர் ஒலிம்பிக்கில் முதன்முறையாக பிக்கிள்போலைச் சேர்த்தபோது, ஆட்டங்கள் நடந்தது சர்ப்பிரைஸ் நகரத்தின் ஹப்பி டிரெயில்ஸ் என்ற வாகன முகாமில். 100 பேர் ஆடினார்கள். அதுவரை நடந்தவற்றில் அதுவே பெரிய போட்டி. 2009இல் எல்லா வயதினருக்குமான முதல் தேசியப் போட்டியும் அரிசோனாவின் பக்காய் நகரத்தில்தான் நடந்தது. ஏறத்தாழ 400 பேர் வந்தார்கள், அவர்களில் கனடிய மாகாணங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஆக, இந்த ஆட்டம் இன்று தொலைக்காட்சியில் வரும் நிலைக்கு உயர முன்னர் அதைத் தாங்கிப் பிடித்தவர்கள், மோட்டார்ஹோமை நிறுத்திவிட்டு மட்டையோடு இறங்கிய ஓய்வூதியர்கள். எங்கள் வயதினர் இதில் பெருமைப்படலாம்.

இன்றும் மேசா, அப்பாச்சி ஜங்ஷன், சர்ப்பிரைஸ் பகுதிகளில் உள்ள பெரிய முகாம்களில் களங்கள் வரிசையாக உண்டு. ஆட்டத் தரத்தை, எண் கூடக்கூடத் திறமை கூடுமாறு 2.5, 3.0, 3.5 என்று பிரித்து, எந்தக் களத்தில் எந்த நேரம் எந்தத் தரம் என்று அட்டவணை ஒட்டியிருப்பார்கள். கணவன் 3.5, மனைவி 3.0 என்றால் இருவரும் தனித்தனியே தங்கள் தரத்தில் ஆடிவிட்டு, பின்னேரம் சேர்ந்து கலப்பு இரட்டையர் ஆடலாம். சிறிய முகாமில் இது நடக்காது. ஒன்று மனைவி மெல்ல அடிக்கப்பட்ட பந்துகளை வாங்கிக்கொண்டு சலிப்பார், அல்லது கணவன் ஆள் தேடி அலைவார். மாநிலத்தின் மூத்தோர் விளையாட்டுகள் பெப்ரவரி, மார்ச்சில் வருகின்றன. ஜனவரியில் வந்து ஆறு வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டு போட்டிக்கு இறங்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஜனவரியில் ஃபீனிக்ஸ் பகல் 19, 20 பாகை. இரவு ஏழுக்கு இறங்கும். மழை அரிது, காற்று உலர்ந்தது. மூட்டு நோவுள்ள பலர் இங்கே உடம்பு இலகுவாக இருப்பதாகச் சொல்கிறார்கள்.

மோட்டார்ஹோம் வைத்திருப்பவருக்கு அரிசோனா திறந்துவிடும் இன்னொரு உலகம் மேற்கே, கலிபோர்னியா எல்லைப் பக்கம் இருக்கும் குவார்ட்ஸைட். அதன் அருகே லா போசா என்ற இடத்தில் அரச நிலம் பாலைவனமாக விரிந்து கிடக்கிறது. செப்டெம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே தங்க முழுப் பருவத்துக்குமான அனுமதி பல ஆண்டுகளாக 180 அமெரிக்க டொலராக இருந்தது. 14 நாளுக்கு 40. கட்டணம் மாறக்கூடியது, புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். தளத்தில் மின்சாரமில்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. சூரியத் தகடும் தண்ணீர்த் தொட்டியும்தான் துணை. இரவில் விண்மீன்கள் நிலத்தைத் தொடுமளவு இறங்கி நிற்கும். ஜனவரியில் பெரிய கூடாரமடித்து மோட்டார்ஹோம் கண்காட்சி நடக்கும்போது அந்தச் சிற்றூர் பெருநகராகிவிடும். அங்கே பிரமிட் வடிவில் ஒரு கல்லறை உண்டு. 1850களில் அமெரிக்க இராணுவம் பாலைவனத்தில் ஒட்டகங்களைச் சோதித்தபோது அவற்றை ஓட்ட வந்த ஹாஜி அலியுடையது. 1902இல் இறந்தார். கடல் கடந்து வந்து அந்த மண்ணிலேயே தங்கிவிட்ட ஒருவரின் நினைவிடம் என்பதால் அதன் முன் நிற்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

யூமாவை அடுத்து எல்லை கடந்தால் மெக்சிக்கோவின் லொஸ் அல்கொதோனஸ். தெருவெல்லாம் பல் வைத்தியர்கள். டெக்சாஸ் பக்கத்தில் நுவேவோ புரோகிரெசோவும் இதே மாதிரித்தான். முன்பு கனடியர் பலருக்கு இதுவே தெற்கே போக ஒரு காரணமாக இருந்தது. கனடாவின் பல் பராமரிப்புத் திட்டம் வந்தபின், அதற்குத் தகுதியுள்ள முதியவர்கள் இந்தக் காரணத்தைத் தராசில் வைக்கத் தேவையில்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். முதலாவது தூரம். ஒக்லஹோமா தாண்டி 40ஆம் நெடுஞ்சாலையில் நேரே போனால் ஃபிளாக்ஸ்டாஃப் வரும். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரம். ஜனவரியில் பனி கொட்டும். அரிசோனா என்றால் வெயில் என்று நினைத்துப் போகிறவர் ஸ்காபரோவைவிட மோசமான பனியில் மாட்டலாம். அல்புகர்க்கியில் தெற்கே திரும்பி, லாஸ் குரூசஸ் வழியாக 10ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் தூரம் கூடும், ஆனால் பாதுகாப்பு.

இரண்டாவது, 'பள்ளத்தாக்குக் காய்ச்சல்'. ஃபீனிக்ஸ், டூசான் பகுதி மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையின் நுண்வித்துகள் தூசியோடு சுவாசத்தில் போய் நுரையீரலைப் பிடிக்கும். பலருக்குத் தடிமன் மாதிரி வந்து போய்விடும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கடுமையாகலாம். தூசிக்காற்று வீசும் நாளில் வெளியே ஆடவேண்டாம். வீடு திரும்பியபின் இருமலும் காய்ச்சலும் களைப்பும் வாரக்கணக்கில் நின்றால், அரிசோனாவில் இருந்ததாக மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். ஒன்ராறியோவில் இந்த நோய் இல்லை. சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

நாங்கள் எடுத்த முடிவு

இருவரும் ஆடுபவர்கள், தரம் வேறு வேறு, போட்டியில் ஆடும் ஆசை உண்டு என்றால் மேசா. மோட்டார்ஹோமில் அல்ல, விமானத்தில் போய், பார்க் மொடலில் தங்கி. ஒருவருக்கு ஓடமுடியாது, செலவும் அளவாக இருக்கவேண்டும், பழகிச் சிரிக்க மனிதர் வேண்டும் என்றால் டெக்சாஸ் பள்ளத்தாக்கு. வழியில் நின்று நின்று போவதானால் இங்கே சொந்த மோட்டார்ஹோமுக்கு நியாயம் உண்டு. பேரப்பிள்ளைகளைப் பிரிந்து மூன்று மாதம் இருக்கமுடியாது என்று மனம் சொன்னால் மத்திய புளோரிடா. பதக்கத்தை மறந்துவிட்டு காலை ஆட்டத்துக்காகப் போங்கள்.

எங்கள் வீட்டில் நெடுநேரம் கதைத்து மேசா என்று முடிவெடுத்திருக்கிறோம். மனைவிக்கு நீரிழிவு உண்டு என்பதால் தூசியைப் பற்றி யோசித்தோம். மருத்துவரிடம் கேட்டபின்தான் சம்மதித்தோம். மோட்டார்ஹோம் ஆசையை முழுதாக விடவில்லை. யூட்டாவின் செயின்ட் ஜோர்ஜில் 1987 முதல் ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஹன்ட்ஸ்மன் உலக மூத்தோர் விளையாட்டுகள் நடக்கின்றன. 50 வயதைத் தாண்டிய எவரும், எந்த நாட்டவரும் சேரலாம். ஒக்டோபரில் சாலைகளில் பனி குறைவு, குழாய் உறையும் பயமும் குறைவு. ஸையன் தேசியப் பூங்கா பக்கத்திலேயே. மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்துப் போக அதுதான் தக்க பயணம். அந்த இரண்டு மூன்று வாரத்தையும் சேர்த்தாலும் 121 நாளுக்குள் அடங்கும்.

கலப்பு இரட்டையருக்குப் பெயர் கொடுக்கும் தம்பதிகள் கவனிக்கவேண்டிய விதி ஒன்று: மூத்தோர் விளையாட்டுகளில் பொதுவாக இருவரில் இளையவரின் வயதுதான் பிரிவைத் தீர்மானிக்கும். எனக்கு 71, மனைவிக்கு 66. ஆகவே நான் 65 வயதுப் பிரிவில் ஓடவேண்டும். அவர் அதைச் சொல்லிச் சொல்லி இப்போதே என்னைக் காலையில் நடக்கக் கூட்டிப்போகிறார். மேசாவில் ஜனவரி வீடுகளுக்கு முந்திய வசந்தத்திலேயே முற்பணம் கேட்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் ஏப்ரலில் விசாரிக்கத் தொடங்குங்கள்.